அப்பிள் பிடுங்கப் போனால் காசைப் பிடுங்குகிறார்கள்

ஒக்டோபர் பிறந்தால் போதும், ரொறன்ரோவைச் சுற்றியுள்ள தோட்டக்காரர் பலர் திருவிழா நடத்தத் தொடங்கிவிடுகிறார்கள். நடத்தட்டும். ஆனால் பழத்தை நானே பிடுங்கி, நானே சுமந்து வந்து, கடை விலையைவிடக் கூடவும் கொடுத்துவிட்டு, உள்ளே கால் வைத்ததற்கும் தனியாகக் காசு கட்ட வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்?

கனடாவில் தாங்ஸ்கிவிங் என்ற நன்றி கூறும் நாள் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கள். மூன்று நாள் லீவு, மரமெல்லாம் நிறம் மாறும் நேரம், குளிர் இன்னும் கடிக்கவில்லை. ஆகவே ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் சனம் முழுக்க ஒரே நாளில் வெளிக்கிடும். 401 நெடுஞ்சாலையில் கார் நகராது. காசு கட்டிப் போகும் 407 நெடுஞ்சாலையில் ஏறினால் சீக்கிரம் போகலாம், அதற்கும் வீட்டுக்கு பில் வரும்.

நாங்கள் போன தோட்டத்தில் ஆளுக்கு 20 டொலருக்கு மேல். அதற்குமேல் 13 வீத வரி. மூன்று வயதுப் பிள்ளைக்கும் அதே காசு, முழங்கால் வலியோடு வாசல் வாங்கிலேயே இருந்துவிட்ட என் அம்மாவுக்கும் அதே காசு. ஊரில் வெங்காயமும் மிளகாயும் போட்டுத் தோட்டம் செய்த மனுசி அவர். "தோட்டம் பார்க்கவும் ரிக்கற்றோ?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

சரி, உள்ளே போயாச்சு. இனிப் பை வாங்க வேண்டும். பை இல்லாமல் மரத்துக்குக் கிட்டவே விடமாட்டார்கள். காசு கட்டிப் பையோடு போனால், கைக்கெட்டும் கிளையெல்லாம் மொட்டை! மக்கின்டோஷ் இன அப்பிள் பெரும்பாலும் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். அது அவர்களுக்குத் தெரியாதா? ரிக்கற் விற்கும் இணையப் பக்கத்துப் படத்தில் மட்டும், சின்னப்பிள்ளை எட்டிப் பிடிக்கும் உயரத்தில் சிவப்புச் சிவப்பாகத் தொங்குகிறது. 1811இல் இதே ஒன்ராறியோவில் ஜோன் மக்கின்டோஷ் என்ற விவசாயி அந்த மரத்தைக் காட்டுக்குள் கண்டபோது அவரிடம் யாரும் நுழைவுக்கட்டணம் கேட்டிருக்க மாட்டார்கள்.

பூசணியும் இதே கதைதான். கொடியே இல்லாத புல்வெளியில், எங்கேயோ வெட்டிக் கொண்டுவந்த காய்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு "நீங்களே தெரிவு செய்யுங்கள்" என்று பலகை போட்டிருக்கிறார்கள். ட்ராக்டர் வண்டிலில் ஏற நின்ற நேரத்தில் ஒரு பானை சோறு வடித்திருக்கலாம். சவாரி, ஏறி இருந்து படம் எடுத்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. (சுடச்சுடத் தந்த அப்பிள் சைடர் டோனட்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அதற்கும் ஒரு நீள வரிசை.)

விவசாயிக்கும் செலவு இருக்கிறது, தெரியும். வருகிற சனமும் லேசுப்பட்டதல்ல. கிளையை முறிக்கும், அரைவாசி கடித்த பழத்தை எறியும். கட்டணம் வாங்குங்கள், ஆனால் பழம் வாங்கும்போது அந்தக் காசைக் கழித்து விடுங்கள். எந்த இனம் முடிந்தது, எது இன்னும் மரத்தில் இருக்கிறது என்று ரிக்கற் வாங்கும் இடத்திலேயே எழுதுங்கள். வாங்கில் இருக்கும் அம்மம்மா, அப்பப்பாமாரைச் சும்மா விடுங்கள்.

"ரூஜ் தேசிய நகரப் பூங்காவில் நுழைவு இலவசம்தானே, அங்கே போங்களேன்" என்று அண்ணன் சொல்கிறார். போகிறோம்தான், இலை பார்க்க அதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் திங்கள் கழிந்து பள்ளிக்கூடம் போனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பூசணித் தோட்டப் படத்தோடு நிற்கும். அங்கேதான் எங்கள் கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

அடுத்த முறை பூசணிக்காய் வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலிருந்துதான் வரும். வண்டில் சவாரி கட்டாயம் வேண்டுமென்றால், சின்னவன் அந்தக் கடைத் தள்ளுவண்டியில் ஏறட்டும். நான் எவ்வளவு நேரமும் தள்ளுகிறேன்.