ஓரியூரில் மர்மம் இல்லை

2025 ஏப்ரல் 21, பிற்பகல். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம். தங்கச்சிமடத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. பொழுது சாய்வதற்குள் பெரியப்பாவின் கைப்பேசிக்கு இன்னொன்றும் வந்துவிட்டது: விஷம் வைத்துவிட்டார்களாம்.

"பெரியப்பா, அவருக்கு 88 வயது. இரண்டு நுரையீரலிலும் நிமோனியா வந்து 38 நாள் மருத்துவமனையில் கிடந்தவர்" என்றேன்.

"நேற்று ஈஸ்டருக்கு மாடத்தில் வந்து ஆசீர் கொடுத்தவர் இன்று எப்படியடா போவார்?"

முதல் நாள் கடலுக்குப் போய்வந்து மறுநாள் விடியலில் போய்ச் சேர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. போப்பாண்டவருக்கு மட்டும் சாதாரணச் சாவு போதாது போலிருக்கிறது.

ஆனாலும் பெரியப்பாவை முழுக்கக் குறைசொல்ல மனம் வரவில்லை. 1978இல் ஒரே ஆண்டில் மூன்று போப்பாண்டவர்களைப் பார்த்த தலைமுறை அது. நடுவில் வந்த முதலாம் ஜான் பால் (எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் அருளப்பர் சின்னப்பர்) 33 நாள்தான் இருந்தார். செப்டம்பர் 28 இரவு படுத்தவர் எழவில்லை. கதவருகே வைத்த காபி அப்படியே இருக்கிறதே என்று உள்ளே போய்ப் பார்த்தவர் வின்சென்சா என்ற கன்னியாஸ்திரி. போப்பாண்டவரின் படுக்கையறைக்குள் ஒரு பெண் போனார் என்று சொல்லக் கூசிய வத்திக்கான், செயலாளர்தான் கண்டார் என்று அறிவித்தது. பிரேதப் பரிசோதனையும் இல்லை. பிறகு வத்திக்கான் வங்கி விவகாரம் வெடித்து, அதில் தொடர்புடைய இத்தாலிய வங்கியாளர் ராபர்ட்டோ கால்வி 1982இல் லண்டனில் ஒரு பாலத்தடியில் பிணமாகத் தொங்கியபோது, இரண்டையும் முடிச்சுப் போட ஆளுக்கா பஞ்சம்? போப்பாண்டவர் கடைசியாகப் படுக்கப்போன அன்று மாலையே அவருக்கு நெஞ்சுவலி வந்ததும், மருத்துவரை அழைக்காமல் விட்டதும் பிற்பாடு வெளியான ஆவணங்களில் இருக்கின்றன. மாரடைப்புதான் என்று நான் நம்புகிறேன். கன்னியாஸ்திரியைப் பற்றி அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் விஷக்கதை இவ்வளவு தூரம் ஓடியிருக்காது.

எங்கள் மாவட்டத்து ஓரியூரைப் பாருங்கள். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த பாதிரியார் அருளானந்தரின் தலையை வெட்டினார்கள். தண்டித்தது இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி. காரணமும் ஊருக்கே தெரியும்: அருளானந்தரால் மதம் மாறிய தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அருளானந்தரே சிறையிலிருந்து கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த இடத்து மண் சிவந்தது அவர் இரத்தத்தால் என்பார்கள். சிறுவயதில் நானும் பொட்டலம் கட்டி எடுத்துவந்திருக்கிறேன். ஆனால் கொன்றது வேறு ஆள் என்று யாரும் கிசுகிசுத்து இதுவரை நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் பெரியப்பா பொறுமையாகக் கேட்டார், தலையையும் ஆட்டினார். இரவு பார்த்தால் அந்த விஷச் செய்தியை எனக்கும் அனுப்பியிருக்கிறார்.