நான்கைந்து ஆண்டு மோகம் அல்ல

பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) வாழ்வைப் பேசும் கணினி விளையாட்டுகள் நான்கைந்து ஆண்டுகளாக வந்த மோகம் என்றும், புகைப்படம், விளையாட்டு, மெய்நிகர் காட்சி என்று மூன்றிலும் கைவைப்பவருக்கு எதிலுமே தேர்ச்சி இருக்காது என்றும் நண்பர் எழுதியிருப்பது தவறு.

சி. எம். ரால்ஃப் பால்புதுமையரைப் பற்றிய 'கேப்பர் இன் த காஸ்ட்ரோ' என்ற துப்பறியும் விளையாட்டை 1989-இலேயே மெக்கின்டாஷ் கணினிக்காக உருவாக்கினார். அதற்கு விலை வைக்காமல், எய்ட்ஸ் தொடர்பான அறப்பணிகளுக்கு நன்கொடை தரும்படி விளையாடியவர்களைக் கேட்டுக்கொண்டார். அதற்கும் முன்பே, டெல்லியில் பிறந்த புகைப்படக் கலைஞர் சுனில் குப்தா அந்நகரின் தன்பாலீர்ப்பு ஆண்களை 'எக்ஸைல்ஸ்' தொடரில் படமெடுத்தார். வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் தன்பாலின உறவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின்படி குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பரில்தான் என்பதை நினைத்தால், அன்று கேமரா முன் நின்றவர்களின் துணிவு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

புகைப்படம், விளையாட்டு, மெய்நிகர் காட்சி மூன்றும் தனித்தனி வேலைகளும் அல்ல. 1856-இல் திறக்கப்பட்ட நம் ராயபுரம் ரயில் நிலையத்தின் ஒரு தூணைச் சுற்றிவந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்டிருக்குமாறு எடுத்தால், மென்பொருள் அவற்றின் பொதுப் புள்ளிகளை ஒப்பிட்டு ஆழத்தைக் கணக்கிட்டு முப்பரிமாண உருவம் தரும். அதை விளையாட்டுகளை உருவாக்க உதவும் யூனிட்டி போன்ற மென்பொருளில் சேர்த்தால், தலையில் மெய்நிகர் காட்சிக் கருவி மாட்டியவர் அத்தூணைச் சுற்றி நடக்கலாம். வெயிலில் எடுத்தால் நிழலும் தூணோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் மேகமூட்டமான காலைக்குக் காத்திருக்க வேண்டும், அந்தப் பொறுமை புகைப்படக்காரருடையது.

'இதெல்லாம் வடசென்னைக்கு ஒட்டாது' என்று நண்பர் எழுதிய வரி, வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த என்னை மிகவும் வருத்தியது. நண்பரே, மேற்சொன்ன இரண்டு கருத்துகளோடு அதையும் சேர்த்து நீக்கிவிடுங்கள்.