சியோலுக்காக சான் பிரான்சிஸ்கோவ யாருங்க பணயம் வைப்பா?

தென் கொரியா சொந்தமா அணுகுண்டு செய்யணும்னு கேக்குறவங்கள நம்ம டைம்லைன்ல ஏதோ போர்வெறி புடிச்சவங்க ரேஞ்சுக்கு பேசிட்டு இருக்காங்க. அப்படி இல்லங்க, அங்க எடுத்த பல கருத்துக்கணிப்புல 70 சதவீதத்துக்கு மேல வேணும்னுதான் சொல்றாங்க, எல்லாம் ஆபீஸ் போற, புள்ளகுட்டி வெச்சிருக்கிற சாதாரண ஜனம்.

அவங்க பயத்துல நியாயம் இருக்கு. 2017ல வட கொரியா அமெரிக்கா வரைக்கும் போற ஏவுகணைய டெஸ்ட் பண்ணிருச்சு. அதுவரைக்கும் "எங்க கூட்டாளி மேல கை வெச்சா நீ காலி"ன்னு அமெரிக்கா சொன்னா நம்பலாம், சொல்றவனுக்கு பெருசா சேதாரம் இல்ல. இப்போ தென் கொரியா தலைநகர் சியோல காப்பாத்தப் போனா சொந்த ஊர்ல ஒரு நகரம் போயிரும். பாரிஸுக்காக நியூயார்க்க இழப்பீங்களான்னு ஃப்ரான்ஸ் அதிபர் டிகால் 1961லயே அமெரிக்க அதிபர் கென்னடிகிட்ட கேட்டாரு. பதிலுக்கு எல்லாம் அவரு காத்திருக்கல, முந்தின வருஷமே சகாரால குண்டு வெடிச்சு பாத்தாச்சு.

கொரியாவும் ட்ரை பண்ணுச்சு. 1971ல நிக்சன் அங்கிருந்து சுமார் 20,000 வீரர்கள வாபஸ் வாங்குனாரு, உடனே அப்போ தென் கொரியா அதிபரா இருந்த பார்க் சுங் ஹீ ரகசியமா குண்டு வேலைல இறங்கி ஃப்ரான்ஸ்கிட்ட ரீப்ராசஸிங் ப்ளான்ட்டுக்கு (எரிச்சு முடிச்ச அணு எரிபொருள்ல இருந்து குண்டுக்கு ஆகுற புளுட்டோனியத்த பிரிக்கிற ஆலை) பேரம் பேசுனாரு, அமெரிக்கா மிரட்டி அத நிறுத்துச்சு.

2023 ஜூலைல நடந்தது இன்னும் வேடிக்கை. யுஎஸ்எஸ் கென்டக்கின்னு அமெரிக்காவோட அணு ஏவுகணை சப்மரைன், எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாம இருக்கிறதுதான் அதோட மொத்த பலமே, அத கொண்டுவந்து புசான் துறைமுகத்துல பட்டப்பகல்ல நிறுத்தி, அப்போ தென் கொரியா அதிபரா இருந்த யூன ஏத்தி சுத்திக்காட்டி ஃபோட்டோ எடுத்தாங்க. 1981க்கு அப்புறம் அந்த மாதிரி சப்மரைன் அங்க வந்தது அதான் முதல் தடவ. போர்னு வந்தா இதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, வட கொரியா தலைவர் கிம்ம மிரட்டுனத விட கூட்டாளிய சமாதானப்படுத்துனதுதான் அதிகம்.

இவ்வளவு சொல்லிட்டும் குண்டு வேணாம்னுதான் சொல்லுவேன். "இந்தியா வெடிக்கலயா, என்ன ஆயிருச்சு"ன்னு கமெண்ட் போட வர்றவங்களுக்கு: நாம என்பிடில (அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம்) கையெழுத்தே போடல, அப்பவும் 1974ல குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு வர்ற எரிபொருள அமெரிக்கா நிறுத்துச்சு. நமக்கு அணுமின்சாரம் வெறும் 3 சதவீதம், சமாளிச்சோம். கொரியாவுக்கு கிட்டத்தட்ட 30, யுரேனியம் மொத்தமும் வெளியில இருந்து வரணும், ஏற்றுமதிய நம்பி வாழுற நாடு வேற. குண்டு செஞ்சு தடை வந்தா சாம்சங் ஃபேக்டரிக்கு கரண்ட் எங்கிருந்து வரும்?

என்னக் கேட்டா அங்க நிஜமான காவல் சப்மரைன் இல்ல, பியோங்டேக் மாதிரி கேம்ப்ல இருக்கிற 28,500 அமெரிக்க வீரர்கள்தான். அவங்க செத்தா அமெரிக்கா சும்மா இருக்க முடியாது, அது கிம்முக்கும் தெரியும். ஆனா 2024 தேர்தல் பிரச்சாரத்துல ட்ரம்ப் என்ன பேசுனாரு? கொரியா ஒரு மனி மெஷினாம், அவரு பதவில இருந்திருந்தா வருஷத்துக்கு 1,000 கோடி டாலர் கட்ட வெச்சிருப்பாராம். காவலுக்கு நிக்கிறவனே கூலிக்கு பேரம் பேசுறத வட கொரியா தலைநகர் பியோங்யாங்லயும் கேட்டுட்டுதானே இருப்பாங்க.