ஹார்ட்டன்ஸ்டைனை விட்டுவிட்டு ஹோல்ம்கிரனைத் தேய்க்காதீர்கள்

ஓக்லஹோமா சிட்டி தண்டர் என்ற என்பிஏ கூடைப்பந்து அணியின் புதுமுகம் தாமஸ் சோர்பருக்கு, 2025 செப்டம்பரில் முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்துவிட்டது என்ற செய்தியைத் தண்டர் ரசிகர்கள் பலர் சாதாரணமாகக் கடந்து போனார்கள். "டிராஃப்ட்ல 15ஆவதா எடுத்த ஆள்தானே, முதல் வருஷம் எப்படியும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான்" என்றார்கள். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக அணியில ஒரே ஒரு வருஷம் ஆடிய இந்தப் பையனை அணி எடுத்தது, நாளைக்கு சென்டர் (ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் கனமான, உயரமான ஆள்) ஹார்ட்டன்ஸ்டைன் இடத்தைக் குறைந்த சம்பளத்தில் நிரப்பத்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கு இப்போது ஒரு வருஷம் தள்ளிப் போய்விட்டது.

ஹார்ட்டன்ஸ்டைனின் ஒப்பந்தம் 3 வருஷம், 87 மில்லியன் டாலர். கடைசி வருஷமான 2026-27க்கு 28.5 மில்லியன். வைத்துக்கொள்வதா விடுவதா என்பது அணியின் கையில். இன்னொரு உயரமான ஆள் ஹோல்ம்கிரனுக்கும், வெளிப்பக்கம் (விங்) ஆடும் ஜேலன் வில்லியம்ஸுக்கும் பெரிய சம்பளம் ஆரம்பிப்பதும் அதே வருஷம்தான். அதனால் "ஹார்ட்டன்ஸ்டைனை விட்டுடலாம், ஹோல்ம்கிரனே சென்டர் ஆடட்டும், சுற்றிலும் நாலு ஷூட்டர்" என்ற பேச்சு இப்போதே கிளம்பிவிட்டது. 2025 சாம்பியன்ஷிப் ஜெயித்த அணியைப் பற்றி இப்படிப் பேசுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

2023-24 சீசனில் இதைத்தானே செய்து பார்த்தோம்? பாதத்தில் பட்ட காயத்தால் முதல் வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்த ஹோல்ம்கிரன், அந்த சீசனில் 82 ஆட்டமும் சென்டராகவே ஆடினார். அணி 57 ஆட்டம் ஜெயித்து மேற்குப் பிரிவில் முதலிடம். ஆனால் பிளேஆஃப் இரண்டாம் சுற்றில் டல்லாஸ் வந்தது. அவர்களுடைய சென்டர்கள் லைவ்லியும் கஃபோர்டும் மாறி மாறி வந்து, ரிங்குக்குக் கீழே அவரை இடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தர் களைத்தால் இன்னொருத்தர் புதுசாக வந்து நிற்பார். நம் பக்கம் அதே ஒல்லிப் பையன். ஏழடி ஒரு அங்குல உயரத்துக்கு அவர் எடை நூறு கிலோகூட இல்லை. ஆறு ஆட்டத்தில் கதை முடிந்தது. அந்த ஜூலையிலேயே அணியின் மேலாளர் பிரெஸ்டி நியூயார்க்கிலிருந்து ஹார்ட்டன்ஸ்டைனைக் கொண்டுவந்தார்.

அடுத்து நடந்ததும் நினைவிருக்கும். ஹார்ட்டன்ஸ்டைனுக்கு சீசன் தொடங்குவதற்கு முன்பே கையில் எலும்பு முறிவு. மாற்று சென்டர் ஜேலின் வில்லியம்ஸுக்கும் (ஜேலன் வேறு, ஜேலின் வேறு) காயம். மறுபடியும் ஹோல்ம்கிரன் தனி. 2024 நவம்பர் 10, வாரியர்ஸ் ஆட்டம், முதல் குவார்ட்டர். விக்கின்ஸ் உள்ளே ஓடிவர, தடுக்க எழும்பியவர் இடுப்பு தரையில் மோத விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. பிப்ரவரி 7 வரை ஆடவில்லை. ஆறரை அடி ஜேலன் வில்லியம்ஸை சென்டராக நிறுத்தி ஆடிய அந்த நாட்களை யாரும் மறந்திருக்க முடியாது.

சென்டர் ஆடியதால்தான் எலும்பு முறிந்தது என்று நான் சொல்லவில்லை, அது விபத்து. ஆனால் அந்த உடம்பின் மேல் 82 இரவும் ஆடம்ஸ், யோகிச், கோபேர் என்று எதிரணி சென்டர்களின் எடையை ஏற்ற வேண்டிய அவசியம் என்ன? பக்கத்தில் ஹார்ட்டன்ஸ்டைன் இருந்தால் எதிரணியின் கனமான ஆளை அவர் பிடித்துக்கொள்வார். ஹோல்ம்கிரன் அந்தப் பக்க மூலையில் ஒரு ஃபார்வர்டைப் பார்த்துக்கொண்டு நின்று, பந்து உள்ளே வந்ததும் இரண்டு எட்டில் பாய்ந்து பிளாக் செய்வார். அவருடைய பெரிய பலமே இந்த இரண்டாவது பாய்ச்சல்தான். எதிரணி சென்டரோடு தோளோடு தோள் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றால் அது பாதியாகக் குறைந்துவிடும்.

டெக்னிக்கலாகப் பார்த்தாலும் ஹார்ட்டன்ஸ்டைன் வெறும் ரீபவுண்ட் ஆள் இல்லை (2024-25ல் 57 ஆட்டத்தில் சராசரி 10.7 எடுத்தார், அது தனி). ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை வாங்கி, நம் நட்சத்திர கார்டு ஷாய் தன்னைச் சுற்றி ஓடும்போது கையில் கொடுப்பார். கொடுத்த கையோடு ஸ்கிரீன் போடுவார், அதாவது துரத்தி வரும் டிஃபெண்டரை உடம்பால் மறிப்பார். டிஃபெண்டர் பின்வாங்கினால் ஒற்றைக்கையில் பந்தை உயரமாகத் தூக்கிப்போடும் அந்த மென்மையான ஃப்ளோட்டர். மூன்று பாயின்ட் ஷாட் இல்லையே என்பவர்கள் இந்த ஒரு காட்சியை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் நிற்கும் இடமே இரண்டு டிஃபெண்டர்களைத் திண்டாட வைக்கிறது.

எதிர்வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025 பிளேஆஃபில் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் அவர்களுடைய சென்டர் யோகிச்சை மடக்கியது நம் கார்டு கருஸோ. ஆனால் பின்னாலிருந்து உயரமான ஒருவர் காவல் காத்ததால்தான் கருஸோவால் அத்தனை துணிச்சலாக முன்னால் போய் நிற்க முடிந்தது. இந்தியானாவோடு ஆடிய ஃபைனல்ஸ் முதல் ஆட்டத்தில் கோச் டெய்க்னால்ட் ஹார்ட்டன்ஸ்டைனை பெஞ்சில் வைத்து கார்டு கேசன் வாலஸோடு தொடங்கினார். ரீபவுண்டில் அடி வாங்கி, 0.3 விநாடி மிச்சம் இருக்கும்போது ஹாலிபர்டன் போட்ட ஷாட்டில் 111-110 தோல்வி. 2-1 என்று பின்தங்கியபோது, நான்காவது ஆட்டத்தில் இரண்டு பிக் மேனையும் சேர்த்தே தொடங்கினார். ஹோல்ம்கிரன் அன்று 15 ரீபவுண்ட் எடுத்தார், கடைசி நிமிடங்களில் கார்டுகளையே வெளியே வைத்து மறித்தார். 111-104. ஏழாவது ஆட்டத்தில் 18 பாயின்ட், 5 பிளாக். பிளாக் கணக்கு வைக்கத் தொடங்கிய 1973-74க்குப் பிறகு, ஃபைனல்ஸின் ஏழாவது ஆட்டம் எதிலும் யாரும் அத்தனை பிளாக் செய்ததில்லை.

என் விருப்பம் இதுதான். இருவரும் சேர்ந்து தொடங்கட்டும். ஆறேழு நிமிடத்தில் ஹார்ட்டன்ஸ்டைன் வெளியே வந்து, ஹோல்ம்கிரன் கொஞ்ச நேரம் சென்டராக ஆடட்டும். அவர் ஓய்வெடுக்கும்போது ஜேலின் வில்லியம்ஸ், ஹார்ட்டன்ஸ்டைனோடு. சார்ஜ் வாங்க (ஓடிவரும் எதிராளியின் இடியை நின்று வாங்கி ஃபவுல் பெற) அஞ்சாத, பாஸ் தெரிந்த, வெளியிலிருந்து எறியவும் கூடிய ஆள் அவர், இன்னும் கூடுதல் நிமிடங்களுக்குத் தகுதியானவர். கடைசி ஐந்து நிமிடம் எதிரணி உயரம் குறைந்த ஆட்களை இறக்கினால் மட்டும் ஹோல்ம்கிரன் தனியாக நிற்கட்டும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் விங் ஆட்களில் பிடியுங்கள், அங்கேதான் நமக்கு ஆள் அதிகம்.

2025-26 சீசனில், அக்டோபர் 21 அன்று, முதல் ஆட்டமே ஹூஸ்டனோடுதான் இருந்தது. 2024-25ல் லீக்கிலேயே அதிகமாக அஃபென்ஸிவ் ரீபவுண்ட் (தன் அணி தவறவிட்ட பந்தைத் திரும்பப் பிடிப்பது) எடுத்த அணி. ஷெங்குன், ஆடம்ஸ் என்ற சென்டர்கள் போதாதென்று கப்பேலாவையும் அந்த சீசனுக்குத் திரும்பக் கூட்டிவந்தார்கள், டுரான்டும் சேர்ந்தார். ஹார்ட்டன்ஸ்டைன் வேண்டாம் என்பவர்கள் அப்படி ஒரு ஆட்டத்தில் ஆடம்ஸை யார் பிடிப்பார் என்று கமென்ட்டில் சொல்லுங்கள்.