ஈக்வானிமிட்டி போன விலை
உல்லாசப் படகும் சொத்துதான், விலை இறங்காது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியென்றால் மலேசிய அரசு நிதி மோசடியில் தேடப்படும் ஜோ லோவின் ‘ஈக்வானிமிட்டி’யை என்னவென்று சொல்வது? ஏறத்தாழ 25 கோடி அமெரிக்க டாலருக்குக் கட்டிய 91 மீட்டர் படகு. மலேசிய அரசு ஏலம் விட்டும் விலை படியாமல், 2019இல் சூதாட்ட விடுதிகள் நடத்தும் கெந்திங் நிறுவனத்துக்கு 12.6 கோடி டாலருக்குத்தான் போனது. சும்மா நின்றாலும் செலவு நிற்காது. சிங்கப்பூரின் செந்தோசா தீவுப் பக்கம் படகுத்துறையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் நான். முதலாளி மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத படகிலும் குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மெத்தை, திரைச்சீலையெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். உப்பேறிய கைப்பிடிக் கம்பிகளை நன்னீர் விட்டுக் கழுவித் துடைக்கவே காலைப் பொழுது போய்விடும். வாடகைக்கு விட்டால் ஈடுகட்டலாம் என்கிறார் அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர். மாலுமிகளின் சம்பளத்துக்கு வேண்டுமானால் ஓரளவு தேறும். அதை வருமானம் என்று கணக்கில் எழுத முடியுமா?