மாடிப்படி விளக்கும் நாட்டுக் கவலையும்

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடிப்படி விளக்கு எரியாமல் மூன்று வாரம் ஆகிறது. எல்லோரும் கைப்பேசி வெளிச்சத்தில் படியைத் தேடித் தேடி ஏறுகிறோம். அதே கைப்பேசியில்தான் நாடு எப்படிப் பிளந்து கிடக்கிறது என்று நடுராத்திரி வரை வாட்ஸப் சண்டை. "ஜனங்களுக்கு அக்கறையே இல்லை" என்று எழுதியவர் அந்த விளக்குக்கு நேர் எதிர் வீட்டுக்காரர்!

1968-ல் டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆட்களைப் படிவம் நிரப்ப உட்கார வைத்து, அந்த அறைக்குள் மெல்லப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கச் சொல்லி இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்தபோது, வெறும் 10 சதவீதம்தான். மற்றவர்கள் இருமிக்கொண்டே, கண்ணைக் கசக்கிக்கொண்டே படிவம் நிரப்பினார்களாம். நாங்களும் அந்த ரகம்தான்.

சரி, நான் மட்டும் யோக்கியமா? எனக்குப் பிடிக்காத கட்சிக்கு ஓட்டுப் போட்டதற்காகச் சித்தப்பாவிடம் நாலு மாதமாகப் பேச்சில்லை. ஆனால் அவர் பார்க்கட்டும் என்றே ஒற்றுமையைப் பற்றி ஸ்டேட்டஸ் வைக்கிறேன். அவரும் உடனே பார்த்துவிடுகிறார். அதுவும் எரிச்சல்.

நேற்று பொறுக்காமல் நானே பல்பு வாங்கி வந்தேன். ஸ்டூல் போட்டு ஏறினால் எட்டவில்லை. ஏணி எதிர் வீட்டில் இருக்கிறது. அந்த மனிதரை நான்தான் போன வாரம் வாட்ஸப்பில் பிளாக் செய்தேன்.