போ ஜாக்சன் பணத்துக்காகத் தாவியவர் அல்ல

“பேஸ்பாலில் அதிகப் பணம் கிடைத்ததால் டம்பா பே கால்பந்து அணியை உதறினார், பிறகு அமெரிக்கக் கால்பந்தில் எடுபடாமல் நான்கே ஆண்டுகளில் ஒதுங்கினார்” என்று அமெரிக்க விளையாட்டு வீரர் போ ஜாக்சனைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் போ ஜாக்சன் கால்பந்து, பேஸ்பால், தடகளம் மூன்றிலும் இருந்தவர். 1986இல் டம்பா பே அவரைத் தனி விமானத்தில் அழைத்துச் சென்றது. கல்லூரி விளையாட்டு விதிப்படி அது குற்றம். அவருடைய கடைசி பேஸ்பால் பருவம் அதோடு பறிபோனது. அந்தக் கோபத்தில்தான், அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில் தன்னை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த அணியையே வேண்டாம் என்றார். கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் என்ற பேஸ்பால் அணி கொடுத்ததோ டம்பா பே தருவதாகச் சொன்னதைவிட மிகக் குறைவு!

அடுத்த ஆண்டுத் தேர்வில் ரெய்டர்ஸ் என்ற இன்னொரு கால்பந்து அணி ஏழாவது சுற்றில் அவரை எடுத்தது. பேஸ்பால் பருவம் முடிந்த பிறகே வருவார். எனவே நான்கு பருவங்களில் மொத்தம் 38 ஆட்டங்கள்தான். பந்தோடு ஓடிய ஓட்டத்துக்குச் சராசரி 5.4 கெஜம். இதையா எடுபடவில்லை என்பது? 1987 நவம்பர் 30, அவருடைய 25ஆவது பிறந்தநாள். சியாட்டிலுக்கு எதிராக 91 கெஜம் ஓடி எல்லையைத் தாண்டியவர், நிற்காமல் மைதானச் சுரங்கப்பாதைக்குள்ளேயே போய்விட்டார்.

அவரை நிறுத்தியது இடுப்பு. 1991 ஜனவரியில், சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டத்தில், பின்னாலிருந்து பிடித்து இழுக்கப்பட்டபோது மூட்டு விலகியது. எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனது. கால்பந்து அன்றோடு முடிந்தது. செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டு 1993இல் பேஸ்பாலுக்குத் திரும்பியவர், சந்தித்த முதல் வாய்ப்பிலேயே பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் அடித்தார்.